எத்தனையாவது கேஸ், டாக்டர்?

"ரோபோ வெச்சுப் பண்ணிடலாம்" என்றார் டாக்டரம்மா, ஏதோ மிக்ஸியில் சட்னி அரைத்துவிடலாம் என்பது போல.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா சுவரில் சிரித்துக்கொண்டிருந்த குண்டுக் குழந்தையின் படத்தைப் பார்த்தார்.

அக்காவுக்கு வயது 46. இரண்டு வருடமாக மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. ரத்தம் 8 கிராமுக்கு இறங்கிவிட்டது. கர்ப்பப்பையில் நான்கு கட்டிகள். ஃபைப்ராய்டு என்பார்கள், புற்றுநோய் இல்லை என்று பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். மாத்திரை, ஹார்மோன் காயில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கேட்கவில்லை. கர்ப்பப்பை பதினாலு வாரக் கர்ப்பம் போல வீங்கியிருந்தது. எடுத்துவிடுவதுதான் வழி.

வெளியே வந்ததும் மாமா ஆரம்பித்தார். "ஏன்டா, 'எந்திரன்' சிட்டி மாதிரி அதுவே நடந்து வந்து கிழிக்குமா? பாதியில கரண்ட் போச்சுன்னா? ஆயுத பூஜைக்கு அதுக்கும் சந்தனம் வெப்பாங்களோ?"

அக்கா சிரிக்கவில்லை. பஸ் ஸ்டாப் வரை பேசாமல் வந்தவள் என்னைப் பார்த்து, "டேய், அவங்க இந்த மெஷின்ல இதுவரைக்கும் எத்தனை பேருக்குப் பண்ணியிருக்காங்கன்னு கேட்டியா?" என்றாள.

கேட்கவில்லை.

நான் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் குப்பை கொட்டுகிறவன். ஒரு டீ பில்லைக்கூட இரண்டு தடவை கூட்டிப் பார்ப்பவன். பைக்கை சர்வீஸுக்கு விட்டால், எந்தப் பையன் கை வைக்கிறான் என்று பக்கத்திலேயே நின்று கவனிப்பேன். ஆனால் சொந்த அக்காவின் வயிற்றில் கை வைக்கப்போகிறவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்க வாய் வரவில்லை. பயம்தான். டாக்டர் கோபித்துக்கொண்டால்?

அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஐந்து நாள் இருந்தது. நாலு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். உங்கள் வீட்டிலும் ஓர் அம்மாவோ அக்காவோ மனைவியோ இருப்பார். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள். எனவே பக்கத்தைப் புரட்டாதீர்கள்.

*

முதலில் மாமாவின் சந்தேகம். ரோபோ தானாக எதையும் கிழிக்காது. ரோபோ என்ற சொல்லே செக் நாடக ஆசிரியர் காரல் சாபெக் 1920-ல் எழுதிய நாடகத்தில் பிறந்தது. கொத்தடிமை வேலை என்ற அர்த்தமுள்ள செக் சொல்லிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரி ரோபோ நிஜமாகவே அடிமைதான். சொன்னதைத் தவிர ஒரு மில்லிமீட்டர் கூட நகராது.

நம்மூர் பொம்மலாட்டம் பார்த்திருக்கிறீர்களா? ஆட்டுகிறவர் திரைக்குப் பின்னால், பொம்மை முன்னால். அதேதான். டாக்டர் நோயாளியிடமிருந்து சில அடி தள்ளி ஒரு பெட்டிக்குள் தலையை விட்டு உட்கார்ந்திருப்பார். அதன் பெயர் கன்ஸோல். கண்ணுக்கு எதிரே வயிற்றின் உட்புறம் பெரிதாகி, முப்பரிமாணத்தில் தெரியும். விரல்கள் இரண்டு பிடிகளில். கால்களுக்குக் கீழே வரிசையாக பெடல்கள். அங்கே கட்டிலின் மேல் நான்கு கைகளுடன் இயந்திரம் குனிந்து நிற்கும். டாக்டர் மணிக்கட்டைத் திருப்பினால் உள்ளே இருக்கும் சிறு கருவியும் திரும்பும். கை நடுங்கினால் நடுக்கத்தை வடிகட்டிவிடும். டாக்டர் கை மூன்று சென்டிமீட்டர் நகர்ந்தால் உள்ளே ஒரு சென்டிமீட்டர்தான் நகரவேண்டும் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இந்த ரகத்தில் பிரபலமான 'டாவின்சி' மெஷினுக்கு அமெரிக்காவில் பொதுவான லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன்களுக்கு 2000-லும், பெண்கள் நோய் ஆபரேஷன்களுக்கு 2005-லும் அனுமதி கிடைத்தது.

அதற்கு முன் என்ன செய்தார்கள்? வயிற்றைத் திறந்தார்கள், அல்லது சிறுதுளை வழியே லேப்ராஸ்கோப்பி. இந்த சிறுதுளை வித்தைக்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர், ஜெர்மனியில் கீல் நகரத்து குர்ட் செம். அவர் பெண்கள் நோய் டாக்டர். 1980-ல் அவர் சிறுதுளை வழியே குடல்வாலை எடுத்தபோது, அறுவை சிகிச்சை நிபுணர்கள் பாராட்டவில்லை, பரிகாசம்தான் செய்தார்கள். அவர் சளைக்கவில்லை. மற்ற டாக்டர்கள் கை பழகுவதற்கென்றே ஒரு பயிற்சிப் பெட்டியும் செய்தார். ஆளைத் தொடுவதற்கு முன் பெட்டியைத் தொடு என்பதுதான் அதன் அர்த்தம். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1988-ல் அமெரிக்காவில் ஹாரி ரைக் என்பவர் லேப்ராஸ்கோப்பியிலேயே கர்ப்பப்பையை எடுத்துக் காட்டினார். ஆனால் அது சுலபமான வேலை இல்லை. நீளக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அண்டாவின் அடியில் ஒட்டிய கடுகை எடுப்பது போல. அதுவும் கை இடப்பக்கம் போனால் நுனி வலப்பக்கம் போகும். பார்ப்பதோ டி.வி.யில். இப்படித் தையலும் போட வேண்டும் என்றால்? ரோபோ வந்து இந்தக் கஷ்டத்தைத்தான் தீர்த்தது. மணிக்கட்டைத் திருப்பிக் கொடுத்தது.

ஆனால் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டது. தொடு உணர்ச்சி.

திசு மெத்தென்று இருக்கிறதா, இறுகிக் கிடக்கிறதா, நூல் அறுகிற அளவுக்கு இழுத்துவிட்டோமா என்று விரல் சொல்லாது. கண்தான் சொல்லவேண்டும். (2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாவின்சி-5 மாடலில்தான் விசையை ஓரளவு உணர்த்தும் கருவிகள் வந்தன. பழைய மாடல்கள்தான் இன்னும் ஏராளம்.) இருபது வருடம் விரலை நம்பி வாழ்ந்த டாக்டர், மறுபடி எல்.கே.ஜி.யில் சேரவேண்டியிருக்கிறது.

*

சேர்ந்து எப்போது பாஸாகிறார்? இதுதான் அக்காவின் கேள்வி.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போனவர்களுக்கு இது புரியும். முதல் வாரம் ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் அடிக்கவே சுண்டுவிரல் வலிக்கும். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. பூஜ்யத்திலிருந்து 30 வரை மளமளவென்று ஏறலாம். 30-லிருந்து 45-க்குப் போவதற்குள் தாவு தீர்ந்துவிடும். இந்த ஏற்றத்துக்குத்தான் கற்றல் வளைகோடு என்று பெயர்.

இதைத் தொழிற்சாலைக் கணக்காகச் சொன்னவர் தியோடர் ரைட் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர். (விமானம் கண்டுபிடித்த ரைட் சகோதரர்களில் ஒருவர் இல்லை.) 1936-ல் அவர் எழுதினார்: மொத்தம் செய்த விமானங்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும், ஒரு விமானத்துக்கு ஆகும் உழைப்பு சுமார் 20 சதவிகிதம் குறைகிறது. பத்தாவதிலிருந்து இருபதாவதுக்கு ஒரு 20 சதவிகிதம். அடுத்த 20 சதவிகிதத்துக்கு நாற்பது வரை போகவேண்டும். அதற்கடுத்ததற்கு எண்பது. போகப் போக லாபம் மெதுவாகத்தான் வரும்.

ஆபரேஷனிலும் இப்படியா? அமெரிக்காவில் ரோபோ மூலம் பெண்கள் நோய் ஆபரேஷன் செய்துகொண்ட 113 பேரின் கணக்கை வைத்து 2008-ல் ஓர் ஆய்வு வந்தது. மெஷினைத் தயார் செய்து நிறுத்தும் வேலை, குழுவுக்கு 20 கேஸ்களுக்குப் பிறகு அரை மணியில் முடிய ஆரம்பித்தது. ஆபரேஷன் நேரம் ஒரு நிலைக்கு வர சுமார் 50 கேஸ்கள் ஆயின.

ஐம்பது! எனக்கு வயிற்றைக் கலக்கியது. அக்கா ஐந்தாவது ஆளாக இருந்தால்?

*

ஐந்தாம் நாள். டாக்டரம்மாவின் அறை. எச்சிலை விழுங்கிக்கொண்டு கேட்டேவிட்டேன். "டாக்டர்... தப்பா நினைக்காதீங்க... இந்த மெஷின்ல எங்க அக்கா எத்தனையாவது கேஸ்?"

மாமா மறுபடி குழந்தை படத்துக்குத் தாவினார்.

டாக்டரம்மா கோபிக்கவில்லை. மேஜை டிராயரைத் திறந்து நீல அட்டை போட்ட ஒரு நோட்டை எடுத்தார். நம்ம வீட்டு பால் கணக்கு நோட்டு மாதிரிதான் இருந்தது. "அறுபத்து நாலு முடிஞ்சிருக்கு. உங்க அக்கா அறுபத்தஞ்சு. அதுக்கு முன்னாடி லேப்ராஸ்கோப்பியில பதினோரு வருஷம். இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்கணும். யாரும் கேட்கிறதில்லை" என்றார்.

நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டினார். முதல் கேஸ்: 4 மணி 10 நிமிடம். "அதுல ரோபோவைக் கட்டில்கிட்ட கொண்டுவந்து கைகளை மாட்டறதுக்கே ஐம்பது நிமிஷம். இப்போ பன்னெண்டு நிமிஷம்."

"கை வேகமாயிடுச்சா டாக்டர்?"

"கை வேகமாகலை. வீணாப்போறது குறைஞ்சது" என்றார். பிறகு அவர் சொன்னதை, கேட்டவரைக்கும் சுருக்கித் தருகிறேன்.

ஒன்று, ஆட்கள். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டால் போதாது. கட்டிலருகே நிற்கும் உதவி டாக்டர், கருவி மாற்றும் சிஸ்டர், மயக்க மருந்து டாக்டர் எல்லோரும் சேர்ந்து பழக வேண்டும். "சிஸ்டரை வாரா வாரம் மாத்தினா, நான் நூறு பண்ணினாலும் டீம் முதல் கேஸ்லயே நிக்கும்."

இரண்டு, துளை. எங்கே துளை போடுகிறோம் என்பதில் பாதி ஆபரேஷன் இருக்கிறது. கைகளுக்கு இடைவெளி போதாமல் போட்டால், வெளியே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஆரம்பத்தில் எல்லோரும் செய்கிற தப்பு.

மூன்று, கருவி மாற்றுவது. ஒவ்வொரு தடவையும் கத்தரியை எடுத்து, ஊசிப்பிடியை மாட்டி, மறுபடி கத்தரி... ஒரு மாற்றத்துக்கு ஒரு நிமிஷம் என்றாலும் முப்பது மாற்றத்துக்கு அரை மணி. பழகினவர் ஒரே கருவியில் மூன்று வேலையை முடித்துவிட்டுத்தான் மாற்றச் சொல்வார்.

நான்கு, கேமரா. புதியவர் கேமராவை நகர்த்தச் சோம்பல்பட்டு, ஓரத்தில் தெரிவதை வைத்தே வேலை பார்ப்பார். தேர்ந்தவர் பெடலை மிதித்து மிதித்து, கருவி எப்போதும் நட்ட நடுவில் இருக்கும்படி பார்த்துக்கொள்வார். பார்வைக்கு வெளியே கருவி நகரவே கூடாது.

ஐந்து, ஆபரேஷனைப் படிகளாக வெட்டிக்கொள்வது. கர்ப்பப்பை ஆபரேஷன் என்று மொத்தமாகப் பார்க்காமல், இந்தத் தசைநார், இந்த ரத்தக்குழாய், சிறுநீர்ப்பையைக் கீழே இறக்குவது, கடைசித் தையல் என்று பிரித்து, எந்தப் படியில் நேரம் போகிறது என்று பார்ப்பது. அவருக்குப் போனது கடைசித் தையலில். முடிச்சு போட்டு முடிச்சு போட்டு மாளவில்லை. அதற்காக ராத்திரி ராத்திரி பயிற்சி மெஷினில் உட்கார்ந்தாராம். முள் முள்ளாக இருந்து நழுவாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு நூலுக்கும் மாறினாராம்.

இங்கேதான் இதுவரை பேசாமலிருந்த அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "முடிச்சே போட வேணாமா அந்த நூலுக்கு?"

சொல்ல மறந்துவிட்டேன். அக்கா தையல்காரி. 25 வருடமாக வீட்டு வாசலில் மெஷின் போட்டு, தெருவுக்கே ப்ளவுஸ் தைப்பவள்.

*

"நீங்க ஒரு தடவை உட்கார்ந்து பாக்கறீங்களா?" என்றார் டாக்டரம்மா என்னிடம். தியேட்டரில் இல்லை, பயிற்சி அறையில். உள்ளே ஆளும் இல்லை, ரத்தமும் இல்லை. கம்ப்யூட்டர் விளையாட்டு மாதிரி ஒரு சிமுலேட்டர். குர்ட் செம்மின் பெட்டிக்குப் பேரன் என்று சொல்லலாம்.

கலர் கலராக வளையங்களை எடுத்துக் கம்பத்தில் மாட்டவேண்டும். அவ்வளவுதான். எல்.கே.ஜி. பிள்ளைகள் செய்வது. நான் மூன்று வளையங்களைத் தொலைத்தேன். ஒன்றைப் பிய்த்தே விட்டேன். கேமரா பெடலுக்குப் பதில் வேறு எதையோ மிதித்தேன். இரண்டு கைகளும் பின்னிக்கொண்டன. மதிப்பெண்: 100-க்கு 31. என் பி.காம். புள்ளியியல் பேப்பரிலேயே இதைவிட நல்ல மார்க்.

"வீடியோ கேம் ஆடுவீங்களா?" என்றார்.

கிண்டல் இல்லை. நியூயார்க்கில் 33 டாக்டர்களை வைத்து ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார்கள். ஒரு காலத்தில் வாரம் மூன்று மணிக்கு மேல் வீடியோ கேம் ஆடியவர்கள், லேப்ராஸ்கோப்பிப் பயிற்சியில் 37 சதவிகிதம் குறைவாகத் தப்பு செய்தார்கள். 27 சதவிகிதம் வேகமாக முடித்தார்கள். (தம்பிகளே, இதை அப்பாவிடம் காட்டி புது கேம் வாங்கித்தரக் கேட்காதீர்கள். முதலில் எம்.பி.பி.எஸ். முடிக்க வேண்டும்.)

சிமுலேட்டர் வெறும் விளையாட்டு இல்லை என்பதற்கு 2002-ல் வந்த இன்னோர் ஆய்வு சாட்சி. 16 பயிற்சி டாக்டர்களில் பாதிப் பேரை சிமுலேட்டரில் பழக்கினார்கள், மீதிப் பேரைப் பழக்கவில்லை. பிறகு எல்லோரும் நிஜமாகவே பித்தப்பை ஆபரேஷனில் இறங்கினார்கள். பழகியவர்கள் 29 சதவிகிதம் வேகம். பழகாதவர்கள் பித்தப்பையையோ பக்கத்துத் திசுவையோ காயப்படுத்துவதற்கு ஐந்து மடங்கு அதிக வாய்ப்பு.

டாக்டரம்மா தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த ஒரு வரைபடத்தைக் காட்டினார். மலை மாதிரி ஏறி, உச்சியில் கொஞ்சம் நடந்து, இறங்கியது. அக்கவுன்ட்ஸ்காரனுக்கு அது உடனே புரிந்தது. ஒரு நாளைக்கு 300 ரூபாய்தான் செலவு என்று வைத்துக்கொள்கிறீர்கள். இன்று 380 ஆனால் கூட்டல் 80. நாளை 350 ஆனால் இன்னும் 50, மொத்தம் 130. அடுத்த நாள் 260 ஆனால் கழித்தல் 40, மொத்தம் 90. கோடு எந்த நாளில் ஏறுவதை நிறுத்தி இறங்க ஆரம்பிக்கிறதோ, அன்றுதான் உங்களுக்குப் புத்தி வந்த நாள். பிரிட்டிஷ் புள்ளியியல் நிபுணர் பேஜ் என்பவர் 1954-ல் தொழிற்சாலைகளுக்காகச் சொன்ன முறை இது. இன்று டாக்டர்கள் ஆபரேஷன் நிமிடங்களை இப்படிக் கூட்டிக் கழித்துத் தங்கள் உச்சியைக் கண்டுபிடிக்கிறார்கள்.

"எனக்கு இருபத்தெட்டாவது கேஸ்ல இறங்க ஆரம்பிச்சது. நாற்பதுல மறுபடி ஏறிடுச்சு பாருங்க" என்றார்.

"ஏன் டாக்டர்?"

"தைரியம் வந்துடுச்சு. கஷ்டமான கேஸையெல்லாம் எடுக்க ஆரம்பிச்சேன்."

லைசென்ஸ் வாங்கிய மூன்றாம் மாதம் பைக்கில் இரண்டு கையையும் விடுவோமே, அந்தப் பருவம். இதை அவராகவே சொன்னதில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

*

ஆனால் வேகம்தான் திறமையா? மயக்க மருந்து வராத காலத்தில், அதாவது 1846-க்கு முன், காலை வெட்டும் டாக்டருக்கு வேகம்தான் எல்லாம். நோயாளி அலறிக்கொண்டிருப்பான். இன்று அந்த அவசரம் இல்லை. இருந்தாலும் நேரம் முக்கியம். இந்த ஆபரேஷனில் நோயாளியைத் தலைகீழ்ச் சரிவில் படுக்கவைத்து, வயிற்றில் கார்பன் டை ஆக்ஸைடு ஊதி வைத்திருப்பார்கள். வீணாகும் அரை மணியும் அந்த உடம்புக்குச் சுமைதான்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடமும் உண்டு. சிறுநீரகத்திலிருந்து வரும் சிறுநீர்க் குழாய், கர்ப்பப்பை ரத்தக்குழாய்க்கு அடியில் நுழைந்து போகிறது. பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடுவது போல. கர்ப்பப்பை வாயிலிருந்து அதற்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் தூரம்தான். ரத்தக்குழாயை அடைக்கிற இடமும் அதுவே. அங்கே அவசரப்பட்டால் சிறுநீர்க் குழாய் காலி. "மத்த இடத்துல மிச்சம் பிடிச்ச நேரத்தை இங்க செலவழிக்கணும். அதுதான் சார் வேகம்" என்றார் டாக்டரம்மா.

கைத்திறமை என்பது நிஜமாகவே உயிர் விஷயம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 20 டாக்டர்கள் தாங்கள் செய்த உடல்பருமன் ஆபரேஷன் வீடியோவை அனுப்ப, சக டாக்டர்கள் பெயர் தெரியாமல் மார்க் போட்டார்கள். 2013-ல் முடிவு வந்தது. கடைசி வரிசை டாக்டர்களின் நோயாளிகளில் 14.5 சதவிகிதம் பேருக்குச் சிக்கல். முதல் வரிசையில் 5.2 சதவிகிதம்தான். ரோபோவில் எல்லாமே படமாகிறது. தன் வீடியோவைத் தானே உட்கார்ந்து பார்க்கிற டாக்டர் சீக்கிரம் தேறுவார். நம் குரலை டேப்பில் கேட்டால் நமக்கே பிடிக்காதே, அந்த அவஸ்தையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மெஷினைத் தெய்வமாக்கவும் வேண்டாம். 2013-ல் அமெரிக்காவில் 2,64,758 பெண்களின் கணக்கை அலசினார்கள். புற்றுநோய் அல்லாத காரணத்துக்குக் கர்ப்பப்பை எடுத்ததில், சிக்கல்கள் ரோபோவில் 5.5 சதவிகிதம், லேப்ராஸ்கோப்பியில் 5.3. ஏறக்குறைய ஒன்றுதான். செலவு மட்டும் ரோபோவில் 2,189 டாலர் அதிகம். 2018-ல் இன்னொரு பாடம். ஆரம்பநிலைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் உள்ள 631 பெண்களில், வயிற்றைத் திறந்து செய்தவர்களில் 96.5 சதவிகிதம் பேர் நாலரை வருடத்தில் நோயில்லாமல் இருந்தார்கள். லேப்ராஸ்கோப்பி, ரோபோ என்ற சிறுதுளை முறைகளில் 86 சதவிகிதம்தான். செய்தவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. வீடியோ காட்டித் தகுதியை நிரூபித்தவர்கள். எனவே கை தேர்ந்தால் மட்டும் போதாது. எந்த நோய்க்கு எந்த வழி என்று தெரியவேண்டும்.

அக்காவுக்கு ஏன் ரோபோ என்றும் கேட்டேன். "கீழ் வழியா எடுக்க முடிஞ்சா நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். ரோபோவே வேணாம். இவங்களுக்கு ரெண்டு சிசேரியன் ஆகி உள்ளே ஒட்டிக்கிட்டிருக்கு. கட்டியும் பெரிசு" என்றார். மாமாவின் கரண்ட் சந்தேகத்துக்கும் விடை கிடைத்தது: மெஷினுக்கு பேட்டரி உண்டு. மாமாவுக்குச் சற்று ஏமாற்றம்தான்.

*

ஒரு கேள்வி மட்டும் என் தொண்டையில் நின்றது. அந்த முதல் பத்துப் பேர்? நாலு மணி பத்து நிமிடம் படுத்திருந்த அந்த அம்மா?

எல்லோரும் அறுபத்தைந்தாவது ஆளாகவே இருக்க ஆசைப்பட்டால், டாக்டர் எப்படி அறுபத்து நாலைத் தாண்டுவார்?

டாக்டரம்மா கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தார். "முதல் பத்து கேஸும் எங்க சீனியர் பக்கத்து கன்ஸோல்ல இருந்தார். டிரைவிங் ஸ்கூல் கார்ல அவங்க பக்கமும் பிரேக் இருக்கும் பாருங்க, அது மாதிரி. சின்ன கர்ப்பப்பையா, ஒட்டுதல் இல்லாத கேஸா பாத்துதான் குடுத்தார். இது என் முதல் கேஸ்னு அந்த அம்மாகிட்ட சொல்லித்தான் கையெழுத்து வாங்கினேன். ஒரு மணி நேரம் கழிச்சு முன்னேற்றம் இல்லைன்னா அவர் எடுத்துக்கணும்னு முன்னாடியே பேசி வெச்சோம். ரெண்டு தடவை எடுத்துக்கிட்டார். நான் ஒண்ணும் செத்துப்போயிடலை."

இரட்டைக் கன்ஸோல் 2009 மாடலிலிருந்தே உண்டு. ஆனால் மெஷின் இருந்தால் போதுமா? 'எடுத்துக்கோங்க சார்' என்று எழுந்துகொள்ளும் மனசும் வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா கேட்டாள். "நான் முதல் முதல்ல எதைத் தைச்சேன் தெரியுமா?"

தெரியாமலா? எனக்கு ஒரு டிரவுசர். ஒரு கால் மற்றதைவிட இரண்டு விரற்கடை நீளம். நாலாம் வகுப்பு முழுக்க அதைப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தேன்.

"உன்கிட்ட சொல்லாம குடுத்துட்டேன். அந்தம்மாகிட்ட சொல்லியிருக்காங்க பாரு" என்றாள். "இவங்களே பண்ணட்டும்."

*

பண்ணினார்கள். இன்ஷூரன்ஸ்காரர்களோடு நான் நடத்திய யுத்தத்தைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுதவேண்டும். ஒன்று மட்டும்: ரோபோ ஆபரேஷனைப் பாலிசியிலிருந்து அடியோடு ஒதுக்கக் கூடாது என்று 2019-லேயே விதி வந்துவிட்டது, ஆனால் தொகைக்கு உச்சவரம்பு வைக்கலாம். எனவே அட்மிஷனுக்கு முன்பே பாலிசியின் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள்.

கேட்கவேண்டிய கேள்விகளும் நான்குதான். இந்த ஆபரேஷன் அவசியமா, வேறு வழி இல்லையா? இந்த முறையில் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்? கூட இருக்கும் டீம் பழைய டீமா? பாதியில் சிக்கல் வந்தால் என்ன திட்டம்? இதற்குக் கோபிக்கிற டாக்டரென்றால், இன்னொருவரைப் பார்ப்பதில் தப்பில்லை.

அக்கா மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆபரேஷன் 1 மணி 35 நிமிடம். டிஸ்சார்ஜ் அன்று டாக்டரம்மா நீல நோட்டில் எழுதியதைப் பார்த்தேன். 65 என்று போட்டு, நேரத்தைக் குறித்து, பக்கத்தில் ஒரு வரி: 'இடப்பக்கத் துளை இன்னும் ஒரு செ.மீ. மேலே போட்டிருக்கலாம்.'

எனக்குத் திக்கென்றது. "என்னக்கா, உனக்குப் போட்ட துளையிலயே குறை எழுதியிருக்காங்க?"

அக்கா கட்டிலில் சாய்ந்தபடி சொன்னாள். "எழுதட்டும்டா. அறுபத்தாறாவது ஆளுக்கு இன்னும் நல்லா வரும்ல?"